நாலு கறுப்புக் கோட்டு

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். குழந்தைக்கு ஒன்றரை வயதில் ஒன்பது பல். டாக்டரான அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இந்த வாரம் தினமும் ஆபரேஷன் செய்கிறாள்.

இன்று என் அலமாரியைக் காலி செய்தேன். நாலு கறுப்புக் கோட்டு, இரண்டு கவுன், பதினோரு வெள்ளைச் சட்டை. குழந்தையின் துணி வைக்க இடமில்லை. நான் கோர்ட்டை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது, இனி எதற்கு? கோட்டுகளை நம் ஆபீஸ் ஜூனியர்களுக்கென்று குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

விஷயம் அதுவல்ல. நேற்று நம் பழைய கட்சிக்காரர் மரக்கடைக்காரர் ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார். இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தேன். "ஐயா, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? நெஞ்சுவலி எப்படி இருக்கு?" என்றார். நீங்கள்தான் அவரிடம் சொன்னீர்களாம். குத்துக்கல் மாதிரி இருக்கிறவனுக்கு வியாதி சூட்ட யாரைக் கேட்டீர்கள்?

உங்கள் தம்பி

மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

எடுத்த எடுப்பில் பாய்கிறாய். நான் வேறென்ன சொல்வது? எதிர்க்கட்சி வக்கீலை வியர்க்க வைத்தவன் வீட்டில் பால்புட்டி கழுவுகிறான் என்றா? வியாதி என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. உன் மானத்தைத்தான் காப்பாற்றினேன்.

கோட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடிக்காமல் மாட்டி வை. பாப்பா பள்ளிக்கூடம் போனதும் நீயே தேடுவாய். அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்

மார்ச் 10

அண்ணனுக்கு,

அண்ணி தலைமை ஆசிரியையாக இருந்தவர். உங்கள் மூத்தவன் பிறந்ததும், அவனை வளர்க்க உத்தியோகத்தை விட்டார். அன்றைக்கு அவருக்கு என்ன வியாதி என்று ஊரில் சொன்னீர்கள்? "பொறுப்பான பொம்பளை" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அதே வேலையை நான் செய்தால் நெஞ்சுவலி.

இவள் குறைமாசத்தில் பிறந்தாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் பால். ஆயா கையில் குடிக்கவில்லை, என் கையில் குடித்தாள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கவுனை மடிக்கும்போது கை நின்றது உண்மைதான். ஒரு நிமிஷம் அதைப் போட்டும் பார்த்தேன். அந்த வருத்தம் என்னுடையது. அதற்கு வியாதியென்று பேர் வைக்க உங்களுக்கு உரிமையில்லை.

நீங்கள் திருப்பியனுப்பிய மூட்டையை நானே ஜூனியர்கள் வீட்டில் கொடுத்துவிட்டேன். மரக்கடைக்காரரிடம் உண்மையையும் சொல்லியாயிற்று. மற்றவர்களிடம் நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்வரை என் வாசற்படி மிதிக்க வேண்டாம்.

தம்பி

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது உன் அண்ணி படித்துக்கொண்டிருந்தாள்.

"என் பள்ளிக்கூடத்துச் சேலையெல்லாம் எங்க போச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு இல்லை. அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது அலமாரியை ஒழித்து யாருக்கோ கொடுத்தேனாம். இருபத்திரண்டு சேலை. ஒவ்வொன்றின் நிறத்தையும் சொன்னாள். "அவனாவது தன் கையால எடுத்துக் கொடுத்தான்" என்றாள்.

"இருபது வருஷமா ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள். அன்று முதல் தனியாகச் சாப்பிடுகிறாள். இன்றோடு ஆறு நாள்.

நேற்று கோர்ட்டு வராந்தாவில் நாலு பேர் உன் உடம்பைப் பற்றி விசாரித்தார்கள். "அவனுக்கு ஒண்ணுமில்ல, குழந்தையை வளர்க்கிறான்" என்றேன். ஒருவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்த வார்த்தையை நானே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்; அதை உன்னிடம் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி பாப்பாவைப் பார்க்க வருகிறாள். பஸ் நேரத்தை அவளே விசாரித்துக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

அண்ணன்