யாரும் சண்டை போடாத ஆட்டம்

கோச்கோர், புதன்கிழமை

அன்பு மகள் பெர்மெத்துக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம் என்று ஒரே வரியில் முடிக்கத்தான் ஆசை, ஆனால் உன் அப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, உப்பு வேண்டுமென்றால்கூட உன் தம்பி மெதெரிடம் சொல்லி என்னிடம் கேட்கச் சொல்கிறார். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய், எங்கே சொல்வது, அவருக்குக் கண் போனாலும் காது பாம்புக் காது. ஆமாம், கண்தான் விஷயம். அதனால்தான் நோவோசிபிர்ஸ்க் பஸ் டிரைவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பை குருத் தயிர் உருண்டையையும் கொடுத்தனுப்புகிறேன், உருண்டையை அறைத்தோழிகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடாதே, நீயும் தின்னு.

குளிர் காலத்திலிருந்தே எனக்குச் சந்தேகம்தான். தேநீரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஊற்றுவார், கேட்டால் விளக்கு மங்கல் என்பார். போன வெள்ளிக்கிழமை அவருடைய கறுப்புச் சட்டையைத் தேடும்போது அலமாரிக்கடியில் டாக்டர் சீட்டு கிடைத்தது, பிப்ரவரியில் எழுதியது, இரண்டு கண்ணிலும் புரை, பிஷ்கெக் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. இரண்டு மாதமாக என்னிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் கால்பந்து லீக்கின் முதல் ஆட்டம், அவர்தான் நடுவர். "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நாளைக்கு விசில் ஊதப் போறீங்களா"ன்னு கேட்டேன். "நான் போகலைன்னா ரெண்டு டீமும் சும்மா திரும்பிப் போகணுமா? இருபத்திரண்டு வருஷமா ஊதுறேன், பந்து எங்க இருக்குன்னு எனக்குச் சத்தத்திலயே தெரியும்"னு சொன்னார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

சனிக்கிழமை காற்று ஆளைத் தள்ளியது, ஆனாலும் ஊரில் பாதிப்பேர் மைதானத்தில்தான். நம் பஜார்த் தெரு அணிக்கும் உப்புச் சுரங்கத்து அணிக்கும் ஆட்டம். மெதெர் முதல் தடவையாக நம் அணிக்குக் கோல்கீப்பர், உன் பழைய பச்சைக் கையுறையைத்தான் போட்டுக்கொண்டான். ஆளுக்கு ஒரு கோல் போட்டு, ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. அப்போது சுரங்கத்துக்காரன் அடித்த பந்து நம் கேப்டன் இஸ்கெந்தரின் நெஞ்சில் பட்டுத் தெறித்தது. மினிபஸ் ஓட்டுகிறானே, அதே இஸ்கெந்தர்தான். நெஞ்சில் பட்டதை நான் பார்த்தேன், வேலி மேல் உட்கார்ந்திருந்த பொடிசுகள்கூடப் பார்த்தார்கள். உன் அப்பா கையில் பட்டது என்று விசில் ஊதி பெனால்டி கொடுத்துவிட்டார். மெதெர் பாய்ந்தான், விரலில் பட்டு உள்ளே போய்விட்டது, தோற்றோம்.

அப்புறம் கேட்கவா வேண்டும். இஸ்கெந்தர் சட்டையைத் தூக்கி, நெஞ்சில் சிவந்திருந்த இடத்தைக் காட்டி, "தொலொமுஷ் அண்ணே, இது கையா? சொந்தப் பிள்ளை ஆடுற டீமுக்கு எதிரா ஊதி நியாயவான்னு பேர் வாங்கணுமா உங்களுக்கு"ன்னு எல்லார் முன்னாலும் கத்தினான். சுரங்கத்துக் கேப்டன் குபத்துக்கே வெட்கமாகப் போய்விட்டது, ஜெயித்தவன் சிரிக்கக்கூட இல்லை. உன் அப்பா "ஊதினது ஊதினதுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஓரவஞ்சனைக்காரன் என்ற பேரை வாங்கிக்கொள்வாராம், கண் தெரியவில்லை என்று மட்டும் சொல்லமாட்டாராம். நான் சத்தியத்தை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன், பெர்மெத், என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்தால் மெதெர் அப்பா முகத்தையே பார்க்கவில்லை, ரொட்டியைப் பிட்டுவிட்டு எழுந்து போனான். அது எனக்குப் பொறுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் வைத்து அவனிடம் சீட்டை நீட்டிவிட்டேன். படித்தான், மடித்துப் பையில் வைத்தான்.

இந்த வருஷ அட்டவணையில் முதல் வாரம் இதே இரண்டு அணிக்கும் சனி இங்கே, ஞாயிறு சுரங்கத்துக்காரர்கள் ஊரில் ஆட்டம். உன் அப்பா இஸ்கெந்தர் வண்டியில் ஏறமாட்டேன் என்று உப்பு லாரியைக் கைகாட்டி நிறுத்தினார், பயத்தில் நானும் பின்னாலேயே ஏறினேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு என்னவோ போல இருந்தது. குபத் ஒருவனைத் தட்டிவிட்டான், விசில் வருவதற்கு முன்னாலேயே கையைத் தூக்கி "என் தப்புதான்" என்றான். பந்து வெளியே போனாலே நாலு தெருவுக்குக் கேட்கக் கத்துகிற இஸ்கெந்தர், "எங்க கால்லதான் பட்டுச்சு, அவங்களுக்குக் குடுங்க அண்ணே" என்கிறான். காலையில் வண்டியில் மெதெர் கண் விஷயத்தை இஸ்கெந்தரிடம் சொல்லி, அவன் போய் குபத்திடம் சொல்லி, இரண்டு அணியும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், எனக்குப் பிறகுதான் தெரியும். பாதி நேரத்துக்கு அப்புறம் ஒரு பந்து கோல் கோட்டைத் தாண்டி உருண்டது, மெதெர் அதை வெளியே இழுத்துவிட்டு, "உள்ள போயிடுச்சுப்பா, கோல்தான்" என்றான். தன் அணிக்கு எதிராக விழுந்த கோலைத் தானே சொல்கிறான். நம் ஆட்களில் ஒருத்தன்கூட வாயைத் திறக்கவில்லை.

உன் அப்பா அப்படியே நின்றுவிட்டார். பிறகு இஸ்கெந்தரைப் பார்த்து, "ஏன்டா எவனும் சண்டை போட மாட்டேங்கிறீங்க" என்று கேட்டார். அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி இஸ்கெந்தர் கையில் வைத்து, "நீ வெளிய வந்து ஊது, உனக்குப் பதிலா வேற ஆளை இறக்கு" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இஸ்கெந்தர் முதல் விசில் ஊதினானோ இல்லையோ, இரண்டு பக்கமும் அவன் மேல் பாய்ந்துவிட்டது, கடைசிவரை ஓயவில்லை. உன் அப்பா முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, "யாரு யாரைத் தள்ளினான்" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் நம் ஆட்களும் ஒரு கோல் போட்டு, சமன் ஆயிற்று. ஆட்டம் முடிந்ததும் எழுந்து, "உன்னை நம்பித்தானே சத்தியம் வாங்கினேன்" என்றார். அதுதான் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

நேற்று இஸ்கெந்தர் தலையிலிருந்த தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டான், தேநீர் கொடுத்து அனுப்பினார். எனக்கு மட்டும் இன்னும் மன்னிப்பு இல்லை. ஆபரேஷன் பேச்சை மெதெர் எடுத்தால் உருளைக்கிழங்கு நட்ட பிறகு பார்க்கலாம் என்கிறார், நட்டால் புல் அறுப்பு என்பார், அறுத்தால் பனி என்பார். நான் பிஷ்கெக் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், மே பன்னிரண்டாம் தேதி இடம் இருக்கிறதாம், அவர் வாயால் சம்மதம் சொன்னால்தான் பதிவார்களாம். நீ சொன்னால் கேட்பார். ஆனால் எடுத்த எடுப்பில் கண்ணைப் பற்றிப் பேசாதே, போனை வைத்துவிடுவார். அடுத்த ஆட்டத்துக்கு யார் நடுவர் என்று கேள். இஸ்கெந்தர்தான், அவனுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது என்று அரை மணி நேரம் திட்டுவார், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு. மூச்சு வாங்க நிறுத்தும்போது தேதியைச் சொல்லிவிடு.

அங்கே இன்னும் பனி உருகவில்லை என்றாயே, ஈர பூட்ஸோடு வேலைக்குப் போகாதே. அல்லா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும். பன்னிரண்டாம் தேதி, மறந்துவிடாதே.

உன் மேல் கோபமில்லாத,
மற்ற எல்லார் மேலும் கோபமாக இருக்கிற
அம்மா அல்மாகான்