ஜீப்புக்கு வைத்த மூக்கு

14 செப்டம்பர், ஞாயிறு

ஜீப் வாங்கிய விஷயத்தை மாதவியிடம் போனில் சொன்னேன். "சரி" என்றாள். பூச்சோங்கில் மழையா என்று கேட்டேன். "இல்ல" என்றாள். எட்டு மாதமாக அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். பேச்சு இவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரியாதா? ஜனவரி வெள்ளம். தண்ணீர் ஏறும்போது காரை மேட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். தெருமுனையிலேயே இன்ஜின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. நான்கு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். அவள் வீட்டில் அடுப்பு மேடையில் ஏறி, ரைஸ் குக்கரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பயந்துவிட்டாள், பாவம். அடுத்த வெள்ளத்தில் சாவியைத் திருப்பி அவளை ஏற்றிக்கொண்டு வெளியே போக முடியும் என்று காட்டிவிட்டால் திரும்பி வந்துவிடுவாள்.

கிள்ளானில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் பெண்டாட்டி வெள்ளத்துக்குப் பயந்து பூச்சோங்கில் இருப்பதா?

17 செப்டம்பர்

ஸ்நோர்க்கல் வேண்டும். இன்ஜின் மூச்சு விடும் வாய் பானெட்டுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குழாய் வைத்துக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. கார் சாமான் கடையில் கேட்டேன். இந்த வயசு ஜீப்புக்கெல்லாம் செட் வராதாம். கடைக்காரன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

நானே செய்வேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

பாசாரில் மீன் வரும் வெள்ளை ஃபோம் பெட்டிகள் ஆறு பொறுக்கி வந்தேன். ஒட்டி, செதுக்கி, குழாய் உருவம் கொண்டுவந்தாயிற்று. அதன்மேல் ஃபைபர் துணியைச் சுற்றி ரெசின் பூச வேண்டும். காய்ந்ததும் உள்ளே இருக்கும் ஃபோமைச் சுரண்டி எடுத்தால் குழாய் ரெடி. வீடு முழுக்கக் கெம்போங் மீன் வாடை.

22 செப்டம்பர்

ஃபோமைக் காணோம்.

ரெசின் பட்டதும் கரைந்துவிட்டது. என் கண் முன்னால், ஐஸ்கிரீம் மாதிரி. துணி மட்டும் நனைந்த கைலிபோலத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

23 செப்டம்பர்

போர்ட் கிள்ளானில் படகுக்கு ஃபைபர் ஒட்டும் பாவா பாயிடம் போனேன். ரெசின் வாங்கியதும் அவரிடம்தான். கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஃபோம் மேல டேப் சுத்தணும் பாஸ்! அத நான் சொல்லலையா?" சொல்லவே இல்லை. "அப்ப சொல்ல மறந்துட்டேன் லா."

5 அக்டோபர், ஞாயிறு

இரண்டாவது தடவை. டேப் சுற்றினேன். கெட்டியாக்கும் மருந்து கொஞ்சம் கூடிவிட்டது, வாளி புகைந்தது. எதிர்வீட்டு சீதாலெட்சுமி அக்கா ஓடிவந்து, "தம்பி, என்ன யாகமா?" என்றார். மிச்ச ரெசின் வீணாகக் கூடாதென்று முழுவதையும் குழாயின் தலையிலேயே பூசினேன்.

8 அக்டோபர்

தேய்த்த தூசி உடம்பெல்லாம். அரிப்பு, அரிப்பு, அரிப்பு. பவுடர் போட்டேன், கேட்கவில்லை. இன்று பாடத்தில் ஒரு பெண் ரவுண்டபவுட் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, "சார், நீங்க சொறியாதீங்க லா, எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதுவிட்டது.

12 அக்டோபர், ஞாயிறு

மாட்டிவிட்டேன்! வண்டி உடம்பில் துளை போடுமுன் மூன்று தடவை அளந்தேன். தலைப்பக்கம் நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. இரண்டு பக்கமும் விரிந்து, முன்னால் கொஞ்சம் குனிந்து, வாய் மேல்நோக்கித் திறந்திருக்கிறது. இலை, கொசு போகாமல் இருக்க மாதவியின் மாவு சல்லடையை வெட்டி வாயில் ஒட்டினேன். கருப்பு பெயின்ட்.

பார்க்க அழகாக இல்லை. மூச்சு விட்டால் போதும்.

15 அக்டோபர்

மாதவியே போன் செய்தாள்! "சைட் பார்க்கிங்ல எந்தக் கம்பத்தப் பாத்து ஸ்டியரிங்க ஒடிக்கணும்?" யாருக்கு என்று கேட்டேன். அக்கா மகளுக்காம். மூன்றாவது தடவை விளக்கும்போது கத்திவிட்டேன். "இதுக்குத்தான் உங்ககிட்ட யாரும் கத்துக்க மாட்டேங்குறாங்க" என்று வைத்துவிட்டாள்.

எல்லாரும் கத்துக்கிறாங்க. அவளுக்குத்தான் மூன்றாம் நாளே வேண்டாம் என்றாகிவிட்டது. அது பதினைந்து வருஷத்துக்கு முன்னால்.

20 அக்டோபர், தீபாவளி

பூச்சோங் போனேன். ஸ்நோர்க்கலைப் பற்றி இருபது நிமிஷம் சொன்னேன், போட்டோ காட்டினேன். மாதவி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டாள்: "அன்னைக்குத் தண்ணியில வீட்டுக்குள்ள வந்ததும் மொத வார்த்த என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

இருக்கு. ஞாபகம் இருக்கு. "காடி போச்சு"ன்னு, காரப் பத்தித்தான் சொன்னேன். அவ குக்கரை மடியில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

8 நவம்பர், சனி

காலையில் பானெட் மேல் ஒரு முட்டை இருந்தது. யார் வைத்தது? கோழி ஏறுகிற உயரமா அது? சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டேன்.

15 நவம்பர், சனி

மறுபடியும் முட்டை. ஆம்லெட். குழாயில் மஞ்சளாக ஏதோ கறை, பெயின்ட் சரியில்லை போல. வேலைக்கு ஓட்டுவது டிரைவிங் ஸ்கூல் கார்தான், ஜீப் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைச் சுற்றிப் பூனைகள், நான்கு எண்ணினேன். கிட்டே போனால் புளித்த வாடை. மீன் பெட்டி ஃபோமைச் சரியாகச் சுரண்டவில்லை. என் தப்புதான்.

26 நவம்பர்

மூன்று நாளாக மழை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இதை வெளியில் சொன்னால் தெருக்காரர்கள் உதைப்பார்கள்.

28 நவம்பர், வெள்ளி

இதை உட்கார்ந்து எழுதுவது பூச்சோங்கில். கை இன்னும் ஊறிப்போய் இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நான் பதறவில்லை. பையை எடுத்தேன், சீதாலெட்சுமி அக்காவைக் கூப்பிட்டு முன்சீட்டில் ஏற்றினேன், ராஜா மாதிரி சாவியைத் திருப்பினேன்.

இருமியது. மறுபடி திருப்பினேன். இருமியது. பிறகு அதுவும் இல்லை.

தண்ணீர் இன்னும் பம்பரைக்கூடத் தாண்டவில்லை! பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே தயிர். கட்டித் தயிர், குங்குமம் கலந்து இளஞ்சிவப்பாக, ஒரு சாமந்தி இதழோடு. ஃபில்டர் அதில் ஊறிக்கிடக்கிறது.

அக்கா இறங்கிவந்து எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"தம்பி... நான்தான் பால் ஊத்துனேன். நாலு வெள்ளிக்கிழமையா. நீங்க பாடத்துக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி."

"எதுக்குக்கா!"

"படம் எடுத்த நாகம்மா மாதிரியே இருக்குல்ல? நீங்க வேண்டுதலுக்குத்தான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். முட்டை வச்சா மறுநாளே காணோம். சரி, ஆத்தா ஏத்துக்கிட்டாங்கன்னு..."

தண்ணீர் போகாமல் இருக்க ஒரு மாதம் அரித்து அரித்துக் கட்டின குழாய். அது வழியாப் பாலு! கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "ஒங்க வீட்டம்மா திரும்பி வரணும்னுதான் தம்பி வேண்டிக்கிட்டேன். எனக்குன்னு ஒண்ணும் கேக்கல."

வாயை மூடிக்கொண்டேன்.

மாதவிக்குப் போன் போட்டேன். "ஜீப் போச்சு" என்பது நாக்கு நுனியில் நின்றது. சத்தியமாக நின்றது. விழுங்கிவிட்டு, "நீ எப்படி இருக்க?" என்றேன்.

"நான் பூச்சோங்ல இருக்கேன். தண்ணி உங்க வீட்டுல" என்றாள்.

"தெரியும். அன்னைக்கு இதத்தான் மொதல்ல கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு. அத சொல்லத் தெரியாமதான் இந்தக் கண்றாவிக் குழாயச் செஞ்சுக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கியது.

"எங்க நிக்கிறீங்க?" என்றாள். "மேட்டுப் பெட்ரோல் ஸ்டேஷனுக்கு நடந்து வந்துருங்க. நான் வரேன்."

கிளம்பும்போது அக்கா பிடிவாதம் பிடித்தார். நாகம்மாவைத் தண்ணீரில் விட்டுவிட்டு அவர் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டாராம். ஆறு போல்ட்டையும் கழற்றினேன். தோளில் ஸ்நோர்க்கல், கையில் பை, பின்னால் என் சட்டையைப் பிடித்தபடி அக்கா. ரப்பர் படகில் வந்த மீட்புப் படைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, குழாயைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

பெட்ரோல் ஸ்டேஷனில் சின்ன வெள்ளைக் கார் ஒன்று வந்து சைடில் நின்றது. ஒரே வெட்டு, சக்கரம் கோட்டுக்கு நேராக. கண்ணாடியில் புது லைசன்ஸ்காரர்கள் ஒட்டும் பி ஸ்டிக்கர், புத்தம்புதுசு. வலப்பக்கத்திலிருந்து மாதவி இறங்கினாள்.

"நவம்பர் அஞ்சாந்தேதி பாஸ் பண்ணேன்" என்றாள். "சுங்கை வேயில ஒரு லேடி சொல்லிக்கொடுத்தாங்க. கத்தவே மாட்டாங்க. இனிமே எந்த அடுப்பு மேலயும் உக்காந்துக்கிட்டு யாரையும் எதிர்பாக்க மாட்டேன், ஆமா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைதானே, தெரியாது என்று விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரிந்தது.

பின்சீட்டில் அக்கா. பக்கத்தில் சீட் பெல்ட் போட்டு ஸ்நோர்க்கல்.

3 டிசம்பர்

வீடு கழுவுகிறோம். மாதவி சேற்றைத் தள்ளுகிறாள், நான் அள்ளுகிறேன். "திரும்பி வந்துட்டேன்னு நெனைக்காதீங்க. கழுவ வந்தேன்" என்றாள். சரி என்றேன்.

அவளுடைய சல்லடை எங்கே என்று கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரம் திட்டினாள். காதுக்கு நன்றாக இருந்தது.

7 டிசம்பர், ஞாயிறு

ஜீப்பை விற்றாயிற்று. ஸ்நோர்க்கல் அக்கா வீட்டு வேலியோரம் வேப்ப மரத்தடியில் நிற்கிறது, மஞ்சள் பாவாடையோடு. பாவா பாய் பார்க்க வந்தார். "வேல சுத்தம் பாஸ். இது நூறு வருஷம் நிக்கும்" என்றார்.

12 டிசம்பர், வெள்ளி

பாசாருக்குப் போய் வந்தோம். மாதவி ஓட்டினாள், நான் இடப்பக்கம். ரவுண்டபவுட்டில் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் பார்க்காததுபோல் சிக்னல் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. சல்லடை புதுசு வாங்கினோம். பால் இரண்டு பாக்கெட். ஒன்று வீட்டுக் காப்பிக்கு. இன்னொன்றை நானே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.