நான் கட்டிய பொட்டலம்

கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியை இன்று காலை இழுத்துத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகியும் அது போகவில்லை. மூடியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்பது உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை மீனா வருகிறாள். என்னை மதுரைக்குக் கூட்டிப்போகத்தான் வருகிறாள். "துணிமணிய மட்டும் எடுத்து வைங்கப்பா, மத்தத நான் வந்து பாத்துக்கிறேன்" என்று போனில் சொன்னாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இப்படி ஒரு இழுபறி வந்தால் நீ நேரே முருகனிடம் போய் நிற்பாய். நான் போய் நிற்க முடியாது. ஏன் முடியாது என்பது உனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கும்போது சொல்லத் துணிவில்லாததை இப்போது எழுதுகிறேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே பெட்டியை நீ அடுக்கினாய். மீனா மதுரையில் மாசமாக இருந்தாள். உன் அக்கா பரமக்குடியில் மாடியைக் கட்டி நமக்காகவே பூட்டி வைத்திருந்தாள். "நமக்கும் வயசாகுதுங்க. ஒரு அவசரம்னா இங்கருந்து கடலத் தாண்டணும். மெயின்லேண்டுக்குப் போயிருவோம்" என்று நீ சொல்லாத நாள் இல்லை. நான் கடையைச் சாக்குச் சொன்னேன். இந்தத் தீவில் அப்பா போட்ட கடை, டெய்ரி ஃபார்ம் பகுதியில் நம்மை விட்டால் நல்ல புளி யார் கொடுப்பார்கள் என்றெல்லாம் அளந்தேன். புளி எல்லாக் கடைக்கும் ஒரே கப்பலில்தான் வந்தது என்பது உனக்கும் தெரியும்.

உண்மை வேறு. இங்கே நான் தெருவில் இறங்கினால் தமிழ்க்காரர்களுக்கு அண்ணாச்சி, மற்றவர்களுக்கு பாயிசாப். பரமக்குடிக்குப் போனால் உன் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆள். அவ்வளவுதான் விஷயம். இந்த அற்பக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், பிறகு ஏதாவது வழி சொல்லியிருப்பாய். எனக்கு வாய் வரவில்லை.

ஒரு கட்டத்தில் நீ என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு முருகனிடம் கேட்க ஆரம்பித்தாய். செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயில். நீ கும்பிடுவது வேண்டுதல் மாதிரியே இருக்காது, ரேஷன் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பது மாதிரி இருக்கும். "பேசாம நின்னா எப்படி? போகவா, இருக்கவா, ஒண்ணு சொல்லு" என்று சன்னிதியில் நின்று சத்தமாகவே கேட்பாய். பக்கத்தில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் உனக்குப் பதில் வரும் என்பதில் ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பூக்கட்டிப் பாத்துருவோம்ங்க. அவன் சொன்னபடி செய்வோம். அதுக்கப்புறம் நீங்களும் பேசக்கூடாது, நானும் பேச மாட்டேன்" என்றாய்.

சிவப்பு வந்தால் போவது, வெள்ளை வந்தால் இருப்பது. அரளியும் நந்தியாவட்டையும் நம் கொல்லையிலேயே இருந்தன. நீ கோயிலுக்குக் கிளம்பும் முன்பே பெட்டியை அடுக்கி முடித்திருந்தாய். சிவப்புதான் வரும் என்று உனக்கு அவ்வளவு நிச்சயம்.

பொட்டலத்தைக் குருக்கள்தான் கட்ட வேண்டும். அதுதான் முறை, கேட்கிறவர்கள் கட்டக்கூடாது. அன்று பார்த்து அவர் யாருக்கோ அர்ச்சனை செய்துகொண்டிருந்தார். உனக்குப் பொறுமை கிடையாது. "நீங்களே கட்டுங்க. சீரகப் பொட்டலம் கட்டுன கைதான, உங்க அளவுக்கு அவருக்குக் கூட வராது" என்று காகிதத்தையும் பூவையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பிராகாரம் சுற்றப் போனாய். பத்து வயதிலிருந்து கடையில் பொட்டலம் மடித்த கை. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாமல் மடிப்பதுதான் என் தொழிலே.

நீ மூன்றாவது சுற்று முடிப்பதற்குள் நான் முடித்துவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. சிவப்பு அரளி என் சட்டைப் பையில்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய். கொல்லையில் பூக் கிள்ளியவன் நான்தான், அப்போதே இரண்டு நந்தியாவட்டை கிள்ளியிருந்தேனே.

பொட்டலங்களை முருகன் காலடியில் வைத்தார் குருக்கள். எடுப்பதற்கு, கும்பிட வந்திருந்த ஒரு பெங்காலி அம்மாவை நீ கூப்பிட்டாய். "தீதீ, ஏக் உடாயியே நா." எதை எடுக்க என்று அவள் கையால் கேட்டாள். "ஜோ மன் கரே" என்றாய், மனசுக்குப் பட்டதை எடுங்கள் என்று. அவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் எடுத்தாள். யாரென்றே தெரியாத நமக்காக அவள் உண்மையாக வேண்டினாள். அந்த இடத்தில் பொய்யாக நின்றது நான் ஒருவன்தான்.

காகிதத்தைப் பிரித்தாய். வெள்ளையைப் பார்த்ததும் உன் முகம் ஒரு கணம் வாடியது. அந்த ஒரு கணத்தில் நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் நீ பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டையில் செருகிக்கொண்டாய். "சொல்லிப்புட்டான்ங்க. இனி பேச்சில்ல." மிச்சப் பொட்டலத்தை நான் கையோடு எடுத்துக்கொண்டு, உன்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மின்னி பே பக்கம் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று போய்க் கடலில் போட்டேன்.

சாயங்காலம் சட்டையை நானே துவைத்துக் காயப்போட்டேன், பையில் அரளிச் சாறு ஒட்டியிருந்ததால். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை கூட நான் துவைத்ததில்லை. "முருகன் ஒரே நாள்ல உங்களத் திருத்திப்புட்டானே" என்று நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாய். அக்காவுக்குப் போன் போட்டு, "அவன் வேணாம்னுட்டான்க்கா, நான் என்ன செய்ய" என்றாய். அதற்குப் பிறகு ஒருநாள்கூட, கோபத்தில்கூட, நீ பரமக்குடிப் பேச்சை எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்று வருடம் அப்படியே போனது. பேரனைப் போனில் பார்த்தே வளர்த்தாய். பிறகு உனக்கு மூச்சிரைப்பு வந்தது. நெஞ்சு வால்வில் கோளாறு, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் நல்லது என்றார்கள். டிக்கெட் எடுத்த வாரம் மழை. விமானம் வந்து, மேலே வட்டமடித்து, இறங்க முடியாமல் திரும்பிப் போனது. மறுநாளும் அப்படியே. மூன்று நாள் கப்பலை உன் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டு ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் மேலும் குற்றம் சொல்ல இடமில்லாமல் எல்லாரும் ஓடியாடிப் பார்த்தார்கள். அங்கே இருந்திருந்தாலும் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனிதர்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் நான் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்து நீயே ஆரம்பித்தாய். "பரமக்குடி போயிருந்தா இப்படி ஆயிருக்காதோன்னு நெனச்சு மருகாதீங்க. நாமளா முடிவு பண்ணோம்? அவன்ல இருக்கச் சொன்னான். அவனுக்குத் தெரியாதா." நான் "ஆமா" என்றேன்.

அந்த ஆமாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பூவை மாற்றியதைக்கூட ஒரு புத்திகெட்ட நேரம் என்று சொல்லிக்கொள்ளலாம். சாகக் கிடக்கும் நீ எனக்கு ஆறுதல் சொன்னாய், நான் செய்த காரியத்தை வைத்தே ஆறுதல் சொன்னாய், நான் ஆமா போட்டேன்.

போன வாரம் மீனா கூப்பிட்டபோது என் இழுபறி பொறுக்காமல், "அப்பா, அம்மா செஞ்ச மாதிரி பூக்கட்டிப் பாப்போமா? முருகன் இருக்கச் சொன்னா நானும் விட்டுர்றேன்" என்றாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன்.

பிறகு அவள் மெதுவாக, "அம்மாவ இங்க வரவிடாம வச்சுக்கிட்டாருன்னு சாமி மேல கோவமாப்பா?" என்று கேட்டாள்.

ஆமா என்றேன். மறுபடியும் அதே வார்த்தை. பெற்ற மகளிடமும் பழியை அவன் மேலேயே போட்டேன். அவள் அழுதாள். "எனக்கும்தான்ப்பா. நான் கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன்" என்றாள். இது எனக்குத் தெரியாது. நான் கட்டிய பொட்டலம் அவள் வரைக்கும் போயிருக்கிறது.

நேற்று கோயிலுக்குப் போனேன், நீ போன பிறகு முதல் தடவையாக. பூ எடுத்துப் போகவில்லை. நீ நிற்கும் இடத்தில் நின்றேன். போகவா இருக்கவா என்று கேட்க வாய் வரவில்லை. யார் கட்டினாலும், யார் எடுத்தாலும், இனி எந்தப் பொட்டலத்தையும் நான் நம்ப மாட்டேன். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அதை அவனிடம் சொல்வதா உன்னிடமா என்று தெரியவில்லை. குருக்கள் விபூதி கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மீனாவோடு போகத்தான் போகிறேன். அது யாரும் சொன்ன வழி அல்ல. இருக்கிறேன் என்று சொல்லும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன், அதனால் போகிறேன். உன் அக்கா முகத்தில் விழிப்பேன். மீனாவிடம் உண்மையைச் சொல்வேனா என்று கேட்டால், இந்த நிமிஷம் வரை துணிவு வரவில்லை. சொன்னால் அவளுக்குச் சாமி திரும்பக் கிடைக்கும், அப்பன் போய்விடுவான்.

நீ முருகனிடம் போய்ச் சேர்ந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஏன் எங்களை இருக்கச் சொன்னாய் என்று அவனிடம் கேட்டிருப்பாய். என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே என்று அவன் சொல்லியிருப்பான்.