இருவர் போகிறோம்

சாந்தோம்,
ஜூன் 1944

சேசு துணை.

பிரியமுள்ள அத்தானுக்கு,

சிரிக்காதீர்கள், மயிலாப்பூரில் சமஸ்கிருதம் படிக்கச் சேர்ந்துவிட்டேன்! அந்தப் பாஷையில் இரண்டே பேருக்கென்று தனி வினைச்சொல் இருக்கிறது, தெரியுமா? கேட்டதும் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

இன்று வகுப்பில், சொல்லித்தரும் மாமி, "நான் போகிறேன், இதைச் சொல்லுங்கோ" என்றார். என் வாயில் தானாக "கச்சாவஹ" என்று வந்தது.

"அது ரெண்டு பேர் போறச்சே சொல்றது. நீங்க ஒருத்திதானே போறேள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் திருத்திச் சொல்லவில்லை.

ரேடியோவில் பர்மாச் செய்தி வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். வேறொன்றுமில்லை.

ஈஸ்டர் லீவில் வந்துவிட்டுப் பட்டாளத்துக்குத் திரும்பினீர்களே, அதற்குப் பிறகு நான் ஒருத்தியாக எங்குமே போகவில்லையாம். டாக்டரம்மா நேற்றுத்தான் சொன்னார்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்களவள்