சக்களத்திக் காடு

குளிர் தொடங்கிவிட்டது. மகளுக்குத் தடித்த கோட் எடுக்கலாமென்று அலுமாரியின் அடியைக் கிளறியபோது உங்கள் காக்கிச் சட்டை கையில் அகப்பட்டது. நெஞ்சுப் பக்கத்தில் தோட்டா செருக வளையங்கள் தைத்த அந்தச் சட்டைதான். மூக்கருகே கொண்டுபோனேன். துவக்குக்குப் போடும் எண்ணெயும் விறகுப் புகையும் கலந்த மணம். கீழ்த்தளத்து மெஷினில் எத்தனையோ தடவை போட்டுத் தோய்த்தும் போகவில்லை. மற்றச் சட்டைகளிலிருந்து உங்கள் மணம் போய்விட்டது. சாம்பியாவின் மணம் மட்டும் போகமாட்டேன் என்று நிற்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் நீங்கள் அவளுடைய ஆள்தானா?

அவள் என்று நான் சொல்வது அந்தக் காட்டை. உங்களுக்குத் தெரியும். உங்கள் முகத்துக்கு நேரேயே அதைச் சக்களத்தி என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்களே தவிர ஒருநாளும் மறுக்கவில்லை.

மகளுக்கு நடை வரும் முன்பே சாம்பியாவுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போய்விட்டீர்கள். உங்களோடு போன மாஸ்ரர்மார் மனைவிமாரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நீங்களோ, பள்ளிக்கூடம் எல்லை ஆற்றுக்குப் பக்கத்தில், அந்தக் கரையில் சண்டை, குழந்தையோடு வரவேண்டாம் என்று எழுதினீர்கள். அடுத்த பந்தியிலேயே, போன சனிக்கிழமை நீங்களும் முலெங்காவும் மானுக்குப் போன கதை. முலெங்கா அங்கே உங்களோடு விஞ்ஞானம் படிப்பித்தவர். எனக்கு ஆபத்தான இடம் உங்களுக்கு மட்டும் எப்படி வேட்டைக்காடு ஆனது? ஊரில், சுன்னாகத்தில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

பிறகு அந்தச் சண்டை உங்கள் காட்டுக்குள்ளும் வந்தது. அந்தக் கரையில் வெள்ளைக்காரரின் ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்கள் இந்தக் கரையில் முகாம் போட்டார்கள். அவர்களைத் தேடி அந்த ஆட்சியின் இராணுவம் ஆறு கடந்தது. மாடு போகும் தடத்திலும் கண்ணிவெடி. நீங்கள் வழக்கமாகப் போகும் தடங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். துவக்கோடு நின்ற உங்களை வேவுகாரன் என்று சோதனைச் சாவடியில் ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்தினார்கள். முலெங்கா வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதிலிருந்து உங்கள் துவக்கு பொலிஸ் நிலையத்தில் குடியிருந்தது. வேட்டைக் காலத்தில் கேட்டு வாங்கி, சுட்ட தோட்டாக்களின் கோதுகளோடு திருப்பிக் கொடுக்கவேண்டும்.

சண்டை முடிந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எழுதினீர்கள். ஆகவில்லை. போராடியவர்கள் வீட்டுக்குப் போனார்கள், துவக்குகள் போகவில்லை. அந்தச் சண்டைத் துவக்குகளோடு தந்தத்துக்கு ஆட்கள் இறங்கினார்கள். யானைகளைக் குட்டிகளோடு சுட்டார்கள். அரசாங்கம் சட்டத்தை இறுக்கியது. அது தந்தக்காரரின் கழுத்தை இறுக்கவில்லை, அனுமதிப்பத்திரத்தோடு வரிசையில் நின்ற உங்களைத்தான் இறுக்கியது. வெளிநாட்டுக்காரருக்கு இனி இல்லை என்றார்கள். பொலிஸில் இருந்த துவக்கு திரும்பி வரவேயில்லை.

அதைப் பற்றி எழுதியதுதான் நீங்கள் எனக்கு எழுதியவற்றில் நீளமான கடிதம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்திலும் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். வயலுக்கு வரும் பன்றிக்காக என்னைப் பெற்ற ஐயா வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தார். அதை உங்களுக்கு எழுதினேன். மாமாவுக்குக் கவலையாய் இருக்கும் என்று ஒரு வரி பதில் வந்தது. உங்கள் கவலைக்குத் தாள் தாளாய் இடமிருந்தது.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் அங்கிருந்தே கனடாவுக்கு வந்தீர்கள். பிறகு எங்களையும் எடுப்பித்தீர்கள். ஸ்காபரோவில் இந்தச் சின்ன அப்பார்ட்மென்ட். சனிக்கிழமைகளில் உங்களைச் சுற்றிக் கூட்டம். மாஸ்ரர், அந்த எருமை துரத்தின கதையைச் சொல்லுங்கோ என்பார்கள். நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருப்பேன். மகள்கூட உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வாய் பார்ப்பாள். ஷெல்லடிக்குள் அவளை இழுத்துக்கொண்டு ஓடியவள் நான். அதுவும் கதைதான். என்னைச் சொல்லச் சொல்லி எவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. உங்கள் கதைகளில் எருமைக்கு இடமிருந்தது, முலெங்காவின் ஓட்டைச் சைக்கிளுக்கு இடமிருந்தது. எனக்கு ஒரு மூலை கிடைக்காதா என்று எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று காது கொடுத்தேன்.

ஒருநாள் புதிதாக வந்த ஓர் இளைஞர், போராட்டம் என்றால் காடு கொஞ்சம் அழியத்தான் செய்யும் என்றார். நீங்கள் கோபப்படவில்லை.

"போராட்டம் ஒருநாள் முடியும், தம்பி. துவக்கு முடியாது. அது வேற வேலை தேடும்."

எல்லோரும் ஊரை நினைத்தார்கள். நான் மட்டும், இந்த மனுசன் இப்பவும் அவளுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.

உங்களோடு செக்யூரிட்டி வேலை செய்த வெள்ளைக்காரர் வடக்கே மான் வேட்டைக்கு வரச்சொன்னபோது உங்கள் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். என்னை விமான நிலையத்தில் கண்டபோதுகூட அந்த வெளிச்சம் இல்லை. பிறகு நீங்களாகவே விட்டுவிட்டீர்கள்.

"இஞ்சேரும், பொலிசிட்டைப் போய்த் துவக்கு வைக்க விடு எண்டு கேக்கவோ? ஊர் கிடக்கிற கிடையில, இஞ்ச எங்கடை ஆக்களின்ரை பேரோட அந்தச் சொல்லே ஒட்டக்கூடாது."

அன்று நான் சந்தோஷத்தில் நண்டுக்கறி வைத்தேன். அந்தச் சந்தோஷத்துக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

போன மாசியில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. இந்தக் கோடையில் முலெங்கா வந்தார், இங்கே ஏதோ ஆசிரியர் பயிற்சிக்காம். எங்கள் டெலிபோன் நம்பரைப் பிடித்து, வரலாமா என்று கேட்டார். சக்களத்தியின் தம்பி வருகிறான் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "தாவாமானி," என்றார்.

தவமணி. இங்கே அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு ஆளில்லை. மாஸ்ரரின் மனுசி, அன்ரி, அம்மா. உங்களுக்கோ கலியாண நாளிலிருந்து கடைசி வரைக்கும் இஞ்சேரும்தான்.

அவர் இங்கிலீஷில் சொல்ல மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். உங்கள் வேட்டைக் கூட்டத்தில் ஒரு வழக்கமாம். மரத்தடியில் இறைச்சியைப் பங்கு போட்டதும் ஒவ்வொரு ஆணும் தன் பங்கின் முன் நின்று மனைவியின் பெயரை உரக்கக் கூப்பிடவேண்டும். அவள் பதில் சொல்லி வந்து எடுப்பாள். சண்டை வந்த பிறகு அந்தக் கூட்டத்தோடு போன முதல் தடவை, என் மனைவி இங்கே இல்லை என்று ஒதுங்கி நின்றீர்களாம். இல்லாதவளுக்கும் பசிக்கும், கூப்பிடு என்று சிரித்தார்களாம். நீங்கள் கூப்பிட்டீர்கள். எவரும் வரவில்லை. பிறகு கண்ணிவெடியில் புருஷனுக்குக் கால் போன ஒரு பெண் எழும்பி, எனக்குப் பதிலாகக் குரல் கொடுத்து எடுத்துக்கொண்டு போனாளாம். அதிலிருந்து ஒவ்வொரு வேட்டைக்கும் அப்படித்தானாம். கூட்டத்திலேயே பெரிய குரல் உங்களுடையது என்றார். துவக்கைப் பொலிஸ் வைத்துக்கொண்ட பிறகு அந்தக் கூப்பாடும் நின்றுவிட்டதாம்.

இறைச்சியை அந்தப் பெண் தின்றதில் எனக்கு ஒன்றுமில்லை. பாவம், கால் போனவனையும் பிள்ளைகளையும் பார்த்திருப்பாள். ஆனால் என் பெயருக்கு அவளல்லவா பதில் சொன்னாள். அதைத்தான் தாங்கமுடியவில்லை. அந்தச் சட்டமெல்லாம் உங்களைக் காட்டிடமிருந்து பறித்து என்னிடம் தந்ததென்று நான் மகிழ்ந்திருந்தேனே, கூப்பிட்ட குரலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆற்றங்கரை மரத்துக்கும் குரங்குக்கும் கேட்ட பெயர் எனக்குக் கேட்கவில்லை.

முலெங்கா போக வெளிக்கிட்டபோது, நீங்கள் எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று ஒருதடவை காட்டச் சொன்னேன். மகளுக்கு வெட்கம், ஆனாலும் கேட்டுச் சொன்னாள். அவர் வெளியே எலிவேற்றர்ப் பக்கமாகத் தள்ளிப்போய் நின்று, வாயருகே கையைக் குவித்து, உங்கள் குரலில் என் பெயரைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அது இப்போதும் என் காதில்தான் இருக்கிறது, எவருக்கும் கொடுக்கமாட்டேன்.

இந்தமுறை எவளும் முந்திவிடக்கூடாது என்று நான் உடனேயே பதில் சொன்னேன்.

"ஓம். நான்தான். இஞ்ச நிக்கிறன்."