குடுவைச் செடிக்குத் தீர்த்தம்

ஜூலை 3, வியாழன்
காலையிலேயே புழுக்கம். கடல் காற்று இல்லை. மேல் வீட்டு ஏ.சி. குழாயில் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்தேன். பூச்சி தின்னும் என் குடுவைச் செடிக்கு மட்டும். போர் தண்ணீர் ஆகாது, உப்பு. மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒங்க செடிக்காகத்தான் சார் நாங்க ஏ.சி. போட்டுத் தூங்குறோம்."

பழைய பள்ளியிலிருந்து போன். திங்கள், ஏழாம் வகுப்பு, செடியோடு வரலாம் என்றார் தலைமையாசிரியர். முப்பத்தொரு வருடம் சாக்பீஸால் வரைந்து காட்டினேன்: ஜாடி, மூடி, உள்ளே ஓர் எறும்பு. ஒரு பிள்ளையும் நிஜத்தில் பார்த்ததில்லை.

ஜூலை 4, வெள்ளி
வேண்டியவை: உயரமான அட்டைப்பெட்டி. பூதக்கண்ணாடி. சர்க்கரை மாத்திரை.

இலை ஓரமெல்லாம் பழுப்பு. பழைய குடுவை காய்வது சகஜம், பழுத்த வேப்பிலை உதிர்வது மாதிரி. இது அப்படி இல்லை. தளிரும் கருகுகிறது. ஏன் என்று புரியவில்லை.

ஜூலை 5, சனி
புரிந்துவிட்டது. என் மனைவி ரீத்தா செடித் தொட்டியில் மாதா கோயில் தீர்த்தம் ஊற்றிக்கொண்டிருந்தாள். போன வாரம் ஒரு குடுவை காய்ந்ததிலிருந்து காலை, மாலை ஊற்றுகிறாளாம். செபம் சொல்லி. சாமியார் மந்திரிக்கும்போது அதில் உப்பு சேர்ப்பார். அவள் கண் போல் காக்கும் தண்ணீர். அடியில் மிஞ்சியதைக்கூடச் சாக்கடையில் விடமாட்டாள், மண்ணில்தான் ஊற்றுவாள்.

"திங்கக்கெழம நல்லபடியா நடக்கணும்னுதாங்க ஊத்துனேன்."

நான் சொன்னதையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாத மாதிரி இருந்துவிடுவேன். "ஏழாவது படிக்கிற புள்ளைக்கு இருக்கிற அறிவு ஒனக்கு இல்ல."

எந்த மக்குப் பிள்ளைக்கும் மூன்று உதாரணம் சொன்னவன் நான். உப்பு ஆகாது என்று இவளிடம் ஒரு முறை சொன்னதில்லை. தொடாதே என்றதோடு சரி.

ஜூலை 6, ஞாயிறு
பிடித்துவைத்த ஏ.சி. தண்ணீர் முழுவதையும் விட்டு மண்ணை அலசினேன். பயனில்லை. தண்டு கறுத்துவிட்டது. தலைமையாசிரியருக்கு போன். "பரவால்ல சார், யூட்யூப்ல காட்டிடறோம்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ரீத்தா தனியாகவே பூசைக்குப் போய் வந்தாள். மத்தியானம் மீன் குழம்பு.

ஜூலை 7, திங்கள்
லேசான தூறல். பத்து மணி வகுப்பு இந்நேரம் முடிந்திருக்கும்.

தினமும் நான் மாத்திரை போட்டதும் தீர்த்தம் தொட்டு என் நெற்றியில் சிலுவை போடுவாள். கல்யாணம் ஆனதிலிருந்து. மூன்று நாளாக இல்லை. இன்று அலமாரியில் பாட்டிலையும் காணோம். கேட்டேன்.

"வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். உப்புத் தண்ணிதான அது."