கையெழுத்து மட்டும் போட்ட அரசன்

அண்ணை,

நகரின் கிழக்கே ரூஜ் பக்கம் வீடு மாறுவதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, உங்கள் ஜேர்மன் அகராதிக்குள்ளிருந்து ஒரு தபாலட்டை விழுந்தது. மஞ்சள் மாளிகைப் படம். மேல்மாடி யன்னல் ஒன்றைச் சுற்றி நீங்கள் பேனையால் போட்ட வட்டம். நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூற்றிரண்டில் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பில், பதினேழாம் மாடியில் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு நிரந்தரமாய் இருக்க லாண்டட் பேப்பர் வந்துவிட்டது. உங்கள் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே போனது. அது முடியுமுன் கனடாவை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. கொழும்பில், உங்களுக்குப் பேசி வைத்திருந்த அண்ணி ஆறு வருடமாக உங்களுக்காகக் காத்திருந்தார்.

இங்கே வருமுன் ஜேர்மனியில் அந்த மஞ்சள் மாளிகையின் பழைய குதிரை லாயத்தில்தான் உங்களை அகதியாக வைத்திருந்தார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு. மாளிகைக் காவலாளி சொல்லச் சொல்ல, அங்கே ஆண்ட சிற்றரசனின் கதையோடு அவர்கள் மொழியையும் பழகினீர்கள்.

பத்தொன்பது வயதில் முடிசூடியவன். குதிரையில் ஒரு பகலில் சுற்றிவிடக்கூடிய நாடு, அறுபது பேர் கொண்ட படை. வந்தவுடன் ஆற்றுக்குப் பாலம் போட்டான். காட்டில் விறகு பொறுக்கும் ஏழைகளுக்கு இருந்த சவுக்கடியை நிறுத்தினான். மந்திரிகளுக்குப் பொறுக்கவில்லை. அவன் தம்பியோடு சேர்ந்து, அரசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று மேல்மாடியில் பூட்டினார்கள். வெளியார் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில் முடியை மட்டும் பறிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ஆணைகள் மேலே வரும், அவன் கையெழுத்துப் போடுவான், கீழே போகும். சவுக்கடி திரும்பி வந்த ஆணையிலும் அவன் கையெழுத்துத்தான்.

அவனாக விரும்பி எழுதியது ஒரேயொரு கடிதம். இளம் மனைவியைத் தகப்பன் வீட்டுக்குப் போகவும் மறுமணம் செய்யவும் விட்டு எழுதியது. “விசரன் இல்லையெண்டதுக்கு அதுதான் சாட்சி” என்பீர்கள்.

ஒரு ஞாயிறு காலை நீங்கள் கொழும்புக்குப் போன் எடுத்தீர்கள். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

“இனி எனக்காக இருக்கவேண்டாம். உமக்கும் முப்பத்திரண்டு வயசாச்சு. நான்தான் சொல்றன்.”

அண்ணியின் அழுகை எனக்கும் கேட்டது. நீங்கள் போனின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

“சரிதானே?”

“ஓம் அண்ணை” என்றேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த வைகாசியில் உங்கள் பேப்பர் வந்தது. சித்திரையில் அண்ணிக்கு வேறு இடத்தில் கலியாணம் முடிந்திருந்தது. பேப்பரோடு வந்த கடிதத்தைப் படித்து மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு அரசன் கதையை நீங்கள் எடுத்ததில்லை. எங்கும் போகலாம் என்று ஆனபிறகும் எங்கும் போகவில்லை. மாரடைப்பு வந்ததும் அதே அறையில்தான்.

கொஞ்சம் பொறுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். இப்போது யாராவது என்னிடம் “சரிதானே?” என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேனென்கிறது. இந்தப் புதுவீட்டைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டபோதும் அப்படித்தான், பதில் சொல்ல எனக்கு மூன்று நாளானது.